கடலில ஒரு ஓட்டை

என்ட பேர் றிப்தி. வயசு இருபத்தொண்டு. இருக்கிறது டோஹாவுக்கு வெளியால வேலையாக்கள் தங்குற ஒரு கேம்ப்ல, மேல் கட்டில்ல. உம்மா, இது உங்களுக்கும் மூத்தவ றஸ்னா ராத்தாவுக்கும். வாயால சொல்றன், போன் எழுதுது. எங்கயும் பிழையா எழுதியிருந்தா நீங்களே திருத்தி வாசிங்க. காலிதீன் மாமா சொன்ன கதைதான். மாமா வாசிக்கிற துப்பறியும் பொத்தகம் போலயே சொல்றன், அதனால அவர அவன் இவன் எண்டும், உங்கள ஹாஜறா எண்டும், வாப்பாவ அபூசாலி எண்டும்தான் வரும். கோவிக்காதீங்க. நான் அப்ப நாலு வயசு, கதைக்குள்ள இல்ல.

*

கீழ ஷட்டர் விழுந்த சத்தத்துக்கு காலிதீன்ட கையிலிருந்த தேத்தண்ணி பாதி சறத்தில ஊத்துப்பட்டுது.

"அல்லாஹ்வே! சுட்டுப் போட்டான்!" எண்டு குதிச்சான்.

"சுட்டது தேத்தண்ணி," எண்டா லைலா டீச்சர், தலைய நிமித்தாம. "ஜன்னல மூடுங்க தம்பி. சுத்திவளைப்பு."

கல்முனை டவுன்ல, வளையல் சீப்பு விக்கிற ஒரு பென்சிக் கடைக்கு மேல் மாடியில டீச்சர் நடத்தின கம்பியூட்டர் கிளாஸ் அது. யுத்தம் முடிஞ்சி ஒரு கிழமை. ரேடியோவில வெற்றிப் பாட்டு, ரோட்டில ஆமி. காலிதீன் ஜன்னல் இடுக்கால எட்டிப் பாத்தான். தெருவிட ரெண்டு பக்கமும் அடைச்சாச்சி. அவன்ட ஓட்டோ நடு ரோட்டில, கலியாண வீட்டில மறந்து விட்டுட்டுப் போன கிழவன் போல தனிய நிண்டுது. போன்ல சிக்னலும் செத்துப் போய்ட்டு.

மூலைக் கதிரையில அவன்ட தங்கச்சி ஹாஜறா குந்திக்கிட்டு இருந்தா. அவட மாப்பிள்ள அபூசாலி, ஆழ்கடலுக்குப் போட் ஓட்டுறவர், ஆமிக் கேம்ப்ல அடைபட்டு நாலு நாள். அசர் தொழுகைக்குப் பிறகு கொழும்புக்கு வண்டி போகுது. அதுல ஏத்திட்டா ஆள் எந்தக் கூட்டுக்குள்ள எத்தின வருஷம் எண்டு கேக்கவும் ஏலாது.

குத்தம் ஒரு தாள்ல இருந்திச்சி. லோயர் கெஞ்சி வாங்கின கொப்பி. அபூசாலிட ஜீபிஎஸ் செட்ட கேம்ப்ல உள்ள ஒராள் கம்பியூட்டர்ல போட்டுப் பாத்திருக்கான். தடை பண்ணின முல்லத்தீவுக் கடல்ல கொஞ்சப் புள்ளி. திகதி, இந்த வருஷம் பெப்ரவரி. சண்டை கொதிச்சிக்கிட்டு இருந்த நேரம்.

"அவர் என்ன சொல்றார்?" டீச்சர் கேட்டா.

"அந்தப் பக்கம் போனதே இல்லையாம்," எண்டா ஹாஜறா. நிலத்தப் பாத்துத்தான் சொன்னா.

டீச்சர்ட லெப்டொப்ல அதே செட்டிட கொப்பி ஒண்டு இருந்திச்சி. கார்ட் நிரம்பினா அபூசாலி அவவிட்டத்தான் கொண்டு வருவார். அதத் திறந்தா. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

"இது என்ன டீச்சர், தாயத்துக்குள்ள எழுதுறதா?"

"எக்ஸ்எம்எல். பெட்டிக்குள்ள பெட்டி, தம்பி. பெரிய பெட்டி பைல். அதுக்குள்ள ஒவ்வொரு பயணமும் ஒரு பெட்டி. பயணத்துக்குள்ள புள்ளி. புள்ளிக்குள்ள நேரம். நமக்கு எல்லாம் தேவல்ல. கம்பியூட்டருக்கு கோட் எழுதி, 'இந்த எல்லைக் கோட்டுக்கு வடக்கால உள்ள புள்ளிய மட்டும் பொறுக்கித் தா' எண்டு கேக்கணும். மீனில முள்ளு பாக்குற மாதிரி."

டக் டக்கெண்டு தட்டினா. திரையில ஒரு முட்டை வந்து குந்திச்சி.

"சைபர்!" காலிதீன் துள்ளினான். "வடக்கால புள்ளியே இல்ல! ஹாஜறா, மச்சான் வாறார், ஆட்டிறைச்சிக்குச் சொல்லு!"

ஹாஜறா எழும்பி நிண்டுட்டா. கண் ரெண்டும் குளமாயிட்டு.

"இரிங்க," எண்டா டீச்சர். இன்னொரு தரம் தட்டினா. "இப்ப வடக்கு தெற்கு ஒண்டும் கேக்கல்ல. எல்லாப் பயணத்தையும் தா எண்டன். அதுக்கும் சைபர். ஒலுவிலுக்கு முன்னால மீன் புடிச்சதும் இல்லையாம். உங்கட மச்சான் கடலுக்கே போகல்ல எண்டுது."

"அப்ப சந்தையில வித்த சூரை மீன் வயல்ல விளைஞ்சதா?"

"பிழை எங்கட. கூப்பிட்ட விதம் பிழை. இஞ்ச பாருங்க, பைல்ட தலையில நீட்டு ஒரு பேர். உள்ளுக்க இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் அது வம்சத்துக் குடிப் பேர் மாதிரி. அதச் சேத்துக் கூப்பிடாட்டி ஒண்டும் திரும்பிப் பாக்காது."

காலிதீனுக்கு இது விளங்கிச்சி. கல்முனைக்குடியில உம்மாட குடி கேக்காம கலியாணமே பேச மாட்டாங்க. "பள்ளிக்கு முன்னால நிண்டு அபூசாலி எண்டு கத்தினா பத்துப் பேர் திரும்புவான். இன்ன குடி அபூசாலி எண்டாத்தான் நம்மட ஆள் வருவான். உங்கட பொட்டியும் நம்மட ஊர்தான் போல."

"நம்மட ஊர விட ரோசம் கூட. ஒருத்தனும் திரும்ப மாட்டான்." குடிப் பேரச் சேத்து எழுதினா. இந்த முறை திரை நிரம்பிச்சி. வடக்கால உள்ள புள்ளி எல்லாம் வரிசையா வந்து நிண்டுது. தாள்ல இருந்த அதே இடங்கள்.

ஹாஜறா மெதுவா திரும்பக் கதிரையில இருந்தா. காலிதீனுக்கு தன்ட வாயத் தைச்சா நல்லம் போல இருந்திச்சி. ஆட்டிறைச்சி எண்டு ஏன் சொன்னம்?

கீழ நாயொண்டு குலைச்சிச்சி. பக்கத்துக் கட்டடத்தில கதவு தட்டுற சத்தம். அறைக்குள்ள காத்தில்ல, கரண்டும் போயிட்டு. லெப்டொப் பெட்டரியில ஓடிச்சி.

"தம்பி, அந்தத் தாள்ல நேரத்த வாசிங்க."

காலிதீன் வாசிச்சான். முதலாம் புள்ளி, பெப்ரவரி, காலமை பத்தேகால். ரெண்டாம் புள்ளியும் பத்தேகால். மூணாவதும். செக்கன் கூட மாறல்ல. நிறுத்தினான். "டீச்சர், எல்லாத்துக்கும் ஒரே நேரம்! ஒரே செக்கன்ல இத்தின இடத்தில நிண்டாரா? எங்கட மச்சான் என்ன ஜின்னா?"

"ஜின்னுக்கு ஜீபிஎஸ் தேவல்ல." டீச்சர் திரையில விரல வச்சா. "இந்தப் புள்ளிகளுக்குள்ள நேரமே இல்ல, பாருங்க. இந்த மாதிரிச் செட்டுல ஒரு பயணத்த சேவ் பண்ணினா பாதைய வச்சிக்கிட்டு நேரத்த அழிச்சிடும். நேரம் உள்ளுக்க இல்லாததால கேம்ப்ல பாத்தவன்ட கோட் வெளியால தேடியிருக்கு. பைல்ட தலைப் பெட்டியில ஒரு நேரம் இருந்திச்சி. அத எடுத்து எல்லாத்துட நெத்தியிலயும் ஒட்டிட்டு."

"தலைப் பெட்டியில ஆர் நேரத்த வச்சது?"

டீச்சர் திரையில இருந்து திரும்பினா. "நான்தான். பெப்ரவரியில கார்ட் நிரம்பிட்டு எண்டு வந்தார். எல்லாப் பயணத்தையும் ஒரே பைலாச் சேத்து கார்ட்டில போட்டுக் குடுத்தன். அந்தச் செக்கன்ல அபூசாலி முல்லத்தீவில இல்ல. இப்ப ஹாஜறா இருக்கிற கதிரையில இருந்து பிளேன்டீ குடிச்சார்."

"அப்ப முடிஞ்சிதே! போய்ச் சொல்லுவம்!"

"எதால போவீங்க, பறந்தா? போனாலும் என்ன கேப்பாங்க? 'சரி, பெப்ரவரி இல்ல. அப்ப எப்ப? போனதே இல்ல எண்டானே?' பாதை இருக்கு தம்பி. ஒரு போட் ஒலுவில்ல இருந்து வெளிக்கிட்டு அங்க போயிருக்கு. போன மாசமா, நாலு வருஷத்துக்கு முந்தியா எண்டு காட்டாம விட மாட்டாங்க."

"நேரம் அழிஞ்ச பயணத்துக்கு நேரம் எப்படிக் கண்டுபுடிக்கிற?"

"அவன் பண்ணின பிழைய நாம பண்ணாம இருந்தாக் கிடைக்கும். அவன் புள்ளிய மட்டும் பொறுக்கினான். பெட்டியில இருந்து பிச்சி எடுத்தா புள்ளிக்கு தன்ட வாப்பா ஆரெண்டும் தெரியாது, கூடப் பொறந்தவன் ஆரெண்டும் தெரியாது. நான் மத்தப் பக்கத்தால கேக்கன். 'உனக்குள்ள வடக்குப் புள்ளி வச்சிருக்கிற பயணம் எது?'"

ஒரே ஒரு பயணம்தான் வந்திச்சி. முழுசா, தலை தொடக்கம் வால் வரைக்கும். டீச்சர் அத சிவப்புக் கோடாக் கீறினா. பிறகு நேரம் உள்ள மத்தப் பயணங்கள எல்லாம் நீலத்தில போட்டா. ஒலுவில் கரையில இருந்து நூல் கண்டு அவிழ்ந்த மாதிரி கடல் முழுக்க நீலம்.

"வலை பின்னுறீங்களா?"

"வருஷத்தப் பிரிச்சிப் பாப்பம்." போன வருஷம் நடுப்பகுதிக்குப் பிறகு போன பயணங்கள மட்டும் விட்டுட்டு மத்த நீலத்த அழிச்சா.

காலிதீன் குனிஞ்சி பாத்தான். இன்னும் கிட்டக் குனிஞ்சான். மூக்கு திரையில முட்டிச்சி.

"டீச்சர், கடலில ஒரு ஓட்டை இரிக்கி."

"எங்க?"

"இஞ்ச. ஒலுவில் கரைக்கு முன்னால. எல்லாக் கோடும் இதச் சுத்திப் போகுது. நடுவால ஒண்டும் போகல்ல. முந்தி எல்லாம் நடுவாலதானே போச்சி?" சொல்லிக்கிட்டே தன்ட நெத்தியில அடிச்சான். "கல்லு! இது துறைமுகத்துக்கு கல்லுக் கொட்டின இடம்! போன வருஷம் வெள்ளிக்கிழமை பின்னேரம் எத்தின குடும்பத்த ஓட்டோவில ஏத்திக்கிட்டுப் போய் இதக் காட்டியிருப்பன். லொறி வந்து கொட்டக் கொட்ட பெண்டுகள் பிலாப்பழம் திண்டுகிட்டுப் பாப்பாங்க!"

லைலா டீச்சர்ட முகத்தில முதல் தரமா ஒரு சிரிப்பு. ஓட்டையச் சுத்தி ஒரு சின்னச் சதுரம் போட்டா. "இந்தச் சதுரத்துக்குள்ள ஒரு புள்ளியாவது வச்சிருக்கிற பயணம் எல்லாம் வா." வந்திச்சி. கல்லுக் கொட்டத் தொடங்க முந்தி போனது அத்தினையும். கொட்டினதுக்குப் பிறகு போனது ஒண்டும் இல்ல. கடைசியா, நேரம் இல்லாத சிவப்புப் பயணம், நடுச் சதுரத்தால நேரா.

"கல்லுக்கு மேலால போட் ஓட்ட ஏலா," எண்டான் காலிதீன், மூச்சு வாங்க. "அப்ப அது கல்லுக்கு முந்தி!"

"செட் வந்தது சுனாமிக்குப் பிறகு, நிவாரணத்தில. அதுக்கும் கல்லுக்கும் நடுவில. சமாதான காலமாத்தான் இருக்கணும்." டீச்சர் சிவப்புக் கோட்டில விரல மேல கொண்டு போனா. விரல் நிண்டுது. "இது என்ன? பாண்டிருப்புக்கு நேர கரைக்கு வளைஞ்சி வந்து, மறுகா வடக்க போகுது. மீனுக்குப் போறவன் ஏன் பாண்டிருப்பில கரை தட்டினான்? ஆர ஏத்தினான்?"

படார்!

ஹாஜறா லெப்டொப்ப மூடிட்டா. ரெண்டு கையையும் அதுக்கு மேல வச்சி அமத்திக்கிட்டு நிண்டா.

"வேணாம் டீச்சர். அதக் கேக்காதீங்க."

காலிதீன் வாயப் பிளந்தான். "ஹாஜறா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும் காக்கா." எண்டா, கைய எடுக்காம. "அழகரெத்தினம். அவரோட ஒண்டாக் கடலுக்குப் போற ஆள். அழகரெத்தினத்திட தங்கச்சி மீனாம்பிகைய முல்லத்தீவிலதான் கட்டிக் குடுத்தது. சுனாமியில மாப்பிள்ளையும் புள்ளைகளும் மௌத்து. ஒத்தையில கிடக்கா, கூட்டிக்கிட்டு வருவம் எண்டு ரெண்டு பேரும் போனாங்க. ரோட்டால விடல்ல, கடலால போனாங்க. கொண்டு வந்து சேத்தாங்க. அவ்வளவுதான். இப்ப அந்தப் பேரச் சொன்னா அந்த மனுசன்ட கதை என்னாகும்? தமிழன், வடக்க போய் ஆள் கொண்டு வந்தவன் எண்டா? அதாலதான் என்ட மாப்பிள்ள போனதே இல்ல எண்டு நிக்கிறார். என்னட்டயும் சத்தியம் வாங்கினார். நான் செத்தாலும் அவன்ட பேர் வாயில வரப்படா எண்டார்."

 காலிதீனுக்கு அப்பதான் விளங்கிச்சி, தெருவில போட்ட அடைப்பு சின்னது. மச்சான வெளிய எடுக்கிற கதவத் திறந்தா அதே கதவால அழகரெத்தினம் உள்ளுக்க போவான். ஒரு கோடு, ரெண்டு பேர்.

படியில சப்பாத்துச் சத்தம்.

"கைய எடுங்க ஹாஜறா," எண்டா டீச்சர். "கெதியா."

மூடியத் திறந்தா. அவட விரல் அந்த வேகத்தில ஓடினத காலிதீன் அதுக்கு முன்னயும் பாக்கல்ல, பிறகும் பாக்கல்ல. அழிக்கல்ல, மாத்தல்ல. ஒரு வடிகட்டு வரிய மட்டும் எழுதினா: சதுரத்துக்குள்ள உள்ள புள்ளிய மட்டும் காட்டு. திரையில கடல் சுருங்கி, ஒலுவில் கரையும் ஓட்டையும் அதுக்குள்ளால போற ஒரு சிவப்புத் துண்டும் மட்டும் மிஞ்சிச்சி. அப்பதான் கதவு தள்ளுப்பட்டுது.

ரெண்டு சோல்ஜர். அவங்களுக்குப் பின்னால மெலிஞ்ச ஒரு பெரியவர், தோள்ல அதிகாரிப் பட்டி. வேர்வையில சேட் ஒட்டிக்கிட்டு இருந்திச்சி. ஐடென்டி காட்ட தன்ட பொக்கட்டுக்குள்ள கைய விட்ட காலிதீனுக்கு பகிடி ஒண்டும் கிடைக்கல்ல, ஐடென்டியும் லேசில கிடைக்கல்ல.

பெரியவர் திரையப் பாத்து, சிங்களவங்க பேசுற உடைஞ்ச தமிழ்ல கேட்டார். "என்ன இது? மெப்?"

"ஓம் சேர். ஒலுவில்," எண்டா டீச்சர். எழும்பி நிண்டு, தாள நீட்டினா. "கேம்ப்ல உள்ள அபூசாலிட கேஸ். இதுல உள்ள திகதி அவர் போன திகதி இல்ல. நான் பைல் செஞ்ச திகதி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே செக்கன், பாருங்க சேர்."

அவர் தாளப் பாத்தார். உதடு அசைஞ்சிச்சி. "ஒரே செக்கன்," எண்டார். ஆனா முகம் இளகல்ல. "ஆனா, போன? எப்ப போன?"

"சேர் ஒலுவில் போயிருக்கீங்களா?"

"நான் அங்க டியூட்டி. ஆறு மாசம். கல்லு லொறி வாற நேரம்."

டீச்சர் சிவப்புத் துண்டக் காட்டினா. பெரியவர் விரல அந்தக் கோட்டில வச்சி மெதுவா இழுத்தார். ஓட்டைக்கு நடுவில விரல் நிண்டுது. திரும்பி காலிதீனப் பாத்தார்.

"இது கல்லு."

"ஓம் மாத்தயா."

"கல்லுக்கு மேல போட்?" அவர்ட வாயோரத்தில ஒரு சிரிப்பு வந்து, உடனே போயிட்டு. "அப்ப கல்லுக்கு முந்தி. சமாதான நேரம்."  பிறகு விரல் கோட்டில மேல போய், திரையிட விளிம்பில முட்டிச்சி. "இங்கால என்ன? மத்த துண்டு காட்டு. ஆர் கூடப் போன?"

 ஹாஜறா முந்தானைய வாயில கடிச்சா.

டீச்சர் அசையல்ல. "கேட்டா முழுசும் காட்டுவன் சேர், ஒண்டையும் அழிக்கல்ல. ஆனா ஒண்டு கேக்கன். அந்தத் தாள்ல என்ன கேள்வி இரிக்கி?"

அவர் தாளத் திரும்ப வாசிச்சார். "பெப்ரவரி... அங்க நிண்டானா."

"நிண்டாரா சேர்?"

 தெருவில ஆரோ விசில் ஊதினான். பெரியவர் கைலேஞ்சிய எடுத்து கழுத்தத் துடைச்சார். ஹாஜறாவ ஒருக்காப் பாத்தார். கதவடியில நிண்ட ரெண்டு பொடியன்களையும் பாத்தார்.

"இல்ல," எண்டார். "தாள்ல ஒரு கேள்வி. இன்னொரு கேள்வி கேட்டா இன்னொரு தாள் எழுதணும்." கைலேஞ்சிய மடிச்சி வச்சார். "எனக்கு தாள் எழுதி எழுதி கை நோவுது. இந்தப் படம், இந்தத் துண்டு மட்டும், சீடியில போட்டு நீ என்னோட வா. வண்டி போக முந்தி."

டீச்சர் பர்தாவச் சரி பண்ணிக்கிட்டு லெப்டொப்பத் தூக்கினா. படியிறங்கக்குள்ள காலிதீன் கேட்டான், "டீச்சர், உங்களுக்குப் பயமில்லையா?"

"கால் நடுங்குது. படிக்கட்டு ஆடுது எண்டு நினைச்சிக்கங்க."

மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு அபூசாலி வீட்ட வந்தார். ஹாஜறா தண்ணி கொண்டு வந்து நீட்டினா. அவர் வாங்கல்ல.

"அவன்ட பேர ஆரும் சொன்னயளா?"

"இல்ல," எண்டா ஹாஜறா.

அதுக்குப் பிறகுதான் குடிச்சார்.

ரோடு திறந்த உடனே காலிதீன்ட ஓட்டோவில அவனும் அபூசாலியும் பாண்டிருப்புக்குப் போனாங்க. அழகரெத்தினத்திட வீடு பூட்டு. கிணத்தில வாளி தொங்கிச்சி, கொடியில உடுப்புக் காஞ்சிச்சி. அபூசாலிய அடைச்ச அண்டைக்கே தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வெளிக்கிட்டாராம். தன்ட பேர் வந்திருக்கும் எண்டு நினைச்சிருப்பார். எங்க எண்டு அக்கம்பக்கத்தில ஆருக்கும் தெரியாது.

*

உம்மா, வாப்பா இப்பயும் எனக்கு கோல் எடுத்தா சாப்பிட்டயா எண்டு கேக்க முந்தி, அங்க பாண்டிருப்பு ஆக்கள் ஆரும் இரிக்காங்களா எண்டுதானே கேக்கிறார். வாப்பாவிட்டக் கேட்டுத்தான் அழகரெத்தினத்திட பேரச் சொல்லியிருக்கன். இத எல்லாருக்கும் அனுப்புங்க.

இத வாசிக்கிற நீங்க ஆராயிருந்தாலும் சரி, எந்த நாட்டில இருந்தாலும் சரி. கடல் தொழில் செஞ்ச பாண்டிருப்பு அழகரெத்தினம், அவர்ட தங்கச்சி மீனாம்பிகை, இந்த ரெண்டு பேரையும் தெரிஞ்சா தயவு செஞ்சி ஒண்டு மட்டும் சொல்லுங்க: உங்கட பேர ஆரும் சொல்லல்ல. அபூசாலி இன்னும் பாத்துக்கிட்டு இருக்கார். வீட்ட வாங்க.